எங்க வீட்ல கலைமணி

ஜெபகுமார் பொய் சொல்லிப் பழகாதவன். ஒன்பது வருஷமாக ஒரு சபை முழுவதும் ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு அவன் சொன்ன பொய் எதுவும் காரணமில்லை. காரணம் ஒரே ஒரு சொல். நம் எல்லார் வாயிலும் புழங்குகிற சொல்தான்: ‘வீட்ல.’

புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறவளும் ‘வீட்ல சொல்லிட்டு வாரேன்’ என்பாள். பெண்டாட்டிக்குப் பயந்தவனும் ‘வீட்ல கேக்கணும்’ என்பான். அந்தச் சொல்லுக்கு மீசையும் கிடையாது, பொட்டும் கிடையாது. ஜெபகுமார் அதன் நிழலில்தான் ஒதுங்கினான்.

அவனுக்கு ஊர் சாயர்புரம் பக்கம். வேலை ஒரகடத்தில், கார் சீட் தைக்கிற கம்பெனியில். லைனில் வருகிற ஒவ்வொரு சீட்டின் தையலையும் விரலால் தடவிப் பார்த்து, சரியென்றால் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிற ஹாலில் ஆராதனை. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் கூடுகிற சபை அது. அங்கே கீபோர்டு வாசிப்பது ஜெபகுமார்தான்.

சபைக்கு வந்த முதல் ஞாயிறே முத்துச்செல்வி அவனைப் பிடித்துக்கொண்டாள். ஒரகடம் கூட்டுரோட்டில் மெஸ் நடத்துகிறவள். சபையில் பெண்கள் ஜெபக்குழுவுக்கும் அவள்தான் தலைவி. சோறு போடுகிற கைக்கு யாரையும் எதையும் கேட்கிற உரிமை உண்டு என்பது அவள் எண்ணம்.

“தம்பி, தனியாவா இருக்கிய?”

“இல்லக்கா. வீட்ல இருக்காவ.”

“பேரு?”

“கலைமணி.”

“நல்ல பேரு. நம்ம ஆளுகளா?”

“இல்லக்கா. பிள்ளைப்பாக்கம். அவிய குடும்பத்துல அம்மன் கும்பிடுவாவ.”

“ஓ, லவ்வா.” முத்துச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். “அதான் கோயிலுக்குக் கூட்டிட்டு வரலயா. அவசரப்படுத்தாத. ஆண்டவர் ஒரு நாள் கொண்டுவருவாரு.”

அவ்வளவுதான் பேச்சு. கேட்டவள் ஒன்றை நினைத்துக் கேட்டாள், சொன்னவன் ஒன்றை நினைத்துச் சொன்னான். கலைமணி என்று ஆணுக்கும் பேர் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ‘அவிய’ என்றால் அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று ஜெபகுமாருக்குப் புரிந்தபோது, திருத்திச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். அந்த அடுத்த ஞாயிறு ஒன்பது வருஷம் கழித்துத்தான் வந்தது.

கலைமணி கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். கட்டையான உடம்பு, தடித்த மீசை. சபைக்கு வருவதற்கு முன், ஜெபகுமார் ஆறு பேரோடு ஒரே ரூமில் கிடந்த காலத்தில், காலை பஸ்ஸுக்கு தினமும் கடைசியாக ஓடிவருவான். டிரைவர் தினமும் நிறுத்தி ஏற்றிக்கொள்வான். ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தபடியே சொன்னான்:

“உனுக்காக டெய்லி அரை நிமிஷம் நிக்கிறேன்பா. எங்க வூட்டு ஆளுங்களுக்குக் கூட இப்டி நின்னதில்ல.”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜெபகுமாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, காது சூடாகிவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள், பிள்ளைப்பாக்கத்தில் கலைமணியின் பங்குக்கு வந்த வீட்டு மாடிக்கே குடிபோய்விட்டான். தெருவுக்கு அவன் ‘மாடில கூட கீறவரு’. அதற்கு மேல் தெரு கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று கோர்ட் சொன்ன அன்றைக்குக் கலைமணி பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்தான். “இன்னிலேந்து நம்ம மேல கேஸ் இல்ல ஜெபா” என்றான். பிறகு சில வருஷம் கழித்து, கல்யாணமாகப் பதிய முடியுமா என்று யார் யாரோ கேட்டதற்கு, அது எங்கள் கையில் இல்லை, சட்டம் போடுகிறவர்கள் கையில் என்று அதே கோர்ட் சொல்லிவிட்டது. அன்றைக்கு மைசூர்பாகு இல்லை. கலைமணி ரசம் வைத்தான்.

வீட்டிலும் ஒரு கதவு சாத்தியிருந்தது. கலைமணிக்குத் தங்கை ஒருத்தி உண்டு, மஞ்சுளா என்று பேர். மறைமலை நகரில் கட்டிக்கொடுத்திருந்தது. விஷயம் தெரிந்ததும் அண்ணனைக் கோயில் கோயிலாக இழுத்துப்போனாள். ஒரு சாமியாடி, குலதெய்வக் குறை இது, மூன்று அமாவாசைக்குப் படையல் போட்டால் தெளியும் என்றான். மூன்று அமாவாசைக்கும் அவளே பொங்கல் வைத்தாள். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கலைமணி, “பொங்கல் சூப்பரா கீது மஞ்சு. ஆனா நான் அப்டியேதான் கீறேன்” என்றான். அதிலிருந்து ஆறு வருஷம் அவள் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

இப்படி ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் ஆண்டவர், நடுவில் ஒரு மாடி வீடு என்று போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை. ஜூன் மாசத்தில் கலைமணிக்கு வயிற்று வலி வந்தது.

வாயு என்று நினைத்து இரண்டு நாள் சோடா குடித்தான். மூன்றாம் நாள் காலையில் பஸ் படியிலேயே சுருண்டு விழுந்தான். குடல்வால் உள்ளேயே வெடித்து, வயிறெல்லாம் சீழ் பரவியிருந்தது. தாம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டாள் நர்ஸ்.

“நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும் சார்?”

ஒன்பது வருஷம் கைகொடுத்த சொல் அந்த இடத்தில் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரி ஃபாரத்தில் ‘வீட்ல’ என்று எழுத இடம் கிடையாது. ஜெபகுமார் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன்தான் மஞ்சுளாவுக்கு போன் பண்ணியிருந்தான். அவள் தலைகூட வாராமல் வந்து பேனாவைப் பிடுங்கி, தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆப்பரேஷன் முடிந்து ஐசியுவுக்குள் ஒருவரைத்தான் விடுவோம் என்றபோது, தானாகவே சுவரோரம் ஒதுங்கினாள்.

“இவர உடுங்க சிஸ்டர். எங்கண்ணன் கண்ணு முழிச்சா இவரத்தான் தேடும்.”

இதைச் சொல்ல அவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஆனாலும் சொல்லிவிட்டாள், பாருங்கள்.

அன்று மத்தியானம் அவன் சபைச் செயலாளர் அந்தோணிராஜுக்கு போன் போட்டான். “அண்ணே, வீட்ல வயித்துல ஆப்பரேசன். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. ஜெபம் பண்ணுங்க” என்றான். அழுகையில் அதற்கு மேல் வரவில்லை.

அந்தோணிராஜ் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எதைச் செய்தாலும் கம்பெனி முறைப்படிதான் செய்வார். ஜெபகுமாருக்காகச் சங்கிலி ஜெபம் ஏற்பாடு பண்ணினார். இருபத்து நாலு மணி நேரத்துக்கு இருபத்து நாலு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். யாருக்கு எந்த ஷிஃப்டோ அதைப் பார்த்து நேரம் பிரித்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டார். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு போன் அடிக்க வேண்டும். அவர் எடுத்து, ‘நான் ஏத்துக்கிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் முதல் ஆள் எழுந்திருக்கலாம்.

“ஹேண்ட் ஓவர் பண்ணாம லைன விட்டு எறங்கக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நோட்டின் தலைப்பில் அவர் எழுதியது இது: ‘சகோதரி கலைமணி, ஜெபகுமார் வீட்டில். வயிற்று ஆப்பரேஷன்.’

பெண் என்றால், வயிற்றில் ஆப்பரேஷன் என்றால், வேறென்ன? முத்துச்செல்வி கர்ப்பப்பை என்று முடிவுகட்டிவிட்டாள். அவளுக்கே நான்கு வருஷம் முன்னால் அது எடுத்திருந்தது. அந்த வலி தெரிந்தவள் என்பதால் அவள் ஜெபத்தில் கண்ணீருக்குக் குறைவில்லை. பெண்கள் ஜெபக்குழு மொத்தமும் இருபத்தோரு நாள், ஒரு பஸ் டிரைவரின் கர்ப்பப்பைக்காக மன்றாடியது. போதாததற்கு முத்துச்செல்வி ஒரு பொருத்தனையும் பண்ணிக்கொண்டாள்: கலைமணி பிழைத்து வந்து தன் கண்ணால் பார்க்கிறவரை டீ தொடமாட்டேன் என்று.

காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவளுக்கு டீயை விடுவது என்றால் என்ன என்று அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்தவள்.

கலைமணி பிழைத்தான். பதினெட்டாம் நாள், பதினேழு தையலோடு வீட்டுக்கு வந்தான். அதற்கும் மூன்று வாரம் கழித்து ஜெபகுமார் மெஸ்ஸுக்குப் போனபோது, முத்துச்செல்வி அவன் தட்டில் கேட்காமலே இன்னொரு தோசை போட்டாள். பக்கத்து மேசைக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, அதே சூட்டோடு தனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக்கொண்டாள்.

“ஏங்கா, நீங்க டீ குடிக்கல?”

“பொருத்தனைல்லா. உன் வீட்டு ஆளப் பாத்துட்டுத்தான் குடிப்பேன். எப்பம் கூட்டிட்டு வார?”

அவன் பாதித் தோசையோடு கைகழுவ எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். கர்ப்பப்பை என்ற இடம் வந்ததும் கலைமணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“தே, சிரிக்க வெக்காத. தையல் பிரிஞ்சிக்கும்.”

“சிரிக்கிற விசயமா மணி இது?”

“பின்ன? எனுக்குன்னு இருபத்தி நாலு பேரு கண்ணு முழிச்சி வேண்டிகினு இருந்துகிறாங்க. எங்க சாதி சனம் பண்ணுச்சா? அட்ரஸ் தப்பா போட்டாலும் லெட்டர் வந்து சேந்துச்சில்ல?” பிறகு சிரிப்பு நின்று, “நான் வரேன் ஜெபா. அந்தம்மா எனுக்காக டீ குடிக்காம கீது. மூஞ்சிய காட்டாம இருந்தா அது துரோகம்” என்றான்.

“பாத்த பெறவு அவிய என்ன சொல்லுவாவளோ.”

“இன்னா சொல்லிடுவாங்க. தொரத்துவாங்க. நமக்கு அது புச்சா?”

கலைமணிக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். ஜெபகுமாருக்கு அப்படியில்லை. ஊரில் அப்பா அம்மா போனபிறகு, தன் பாஷையில் ‘சாப்டியால?’ என்று அவனைக் கேட்க மிச்சமிருந்தது அந்த ஹால் ஒன்றுதான். சொன்னால் அது போய்விடலாம். சொல்லாவிட்டால், இத்தனை பேர் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வழியில்லை. பொய்யான பேரில் நன்றி சொல்லவும் அவனுக்கு வராது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகமோ வேலையோ கல்யாணமோ, எதற்காக நன்றி சொல்ல வேண்டுமோ, அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆராதனையில் பேரோடு வாசிப்பார்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஜெபகுமார் சீட்டு எழுதிக்கொண்டு பாஸ்டர் ஜோயல் வீட்டுக்குப் போனான். ‘கலைமணி சுகமானதற்காக ஜெபகுமாரும் கலைமணியும் குடும்பமாக நன்றி’ என்பது சீட்டு.

பாஸ்டர் படித்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். “சிஸ்டர் நாளைக்கு வர்றாங்களா?”

“ஐயா, கலைமணி சிஸ்டர் இல்ல. பிரதர்.”

பாஸ்டருக்குப் புரியவில்லை. ஜெபகுமார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் சீட்டை மடித்தார், பிறகு பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஒம்பது வருஷம் எங்களை ஏமாத்திட்டியேப்பா.”

“ஏமாத்தல ஐயா. ஒளிஞ்சிருந்தேன்.”

“சட்டம் மாறியிருக்கலாம். வேதம் மாறல. அதுல என்ன சொல்லியிருக்குன்னு உனக்கே தெரியும்.” இரண்டு இடங்களைக் குறிப்பிட்டார்.

“அந்த ரெண்டு இடமும் பன்னெண்டு வயசுலேந்து எனக்கு மனப்பாடம் ஐயா. என்ன மாத்துங்க, மாத்துங்கன்னு முழங்கால் போட்டு அழுதிருக்கேன். இருபத்தெட்டு வயசு வரைக்கும் என் ஜெபம் அது ஒண்ணுதான். அப்புறம் மணிய பாத்தேன். அன்னையிலேந்து என் ஜெபமே வேற ஆயிட்டு. கேக்குதத விட்டுட்டேன். நன்றி மட்டுந்தான் சொல்லுதேன்.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னான்: “இது சாத்தான் குடுத்ததுன்னா, அதுக்காக நான் ஆண்டவருக்கு எதுக்கு நன்றி சொல்லப் போறேன்?”

பாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. கலைமணிக்காக நாற்பது பேர் முன்னால் அவரும் அழுதிருக்கிறார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உன் மனசுல கள்ளம் இல்ல, எனக்குத் தெரியுது. ஆனா ‘குடும்பம்’னு நான் அங்க நின்னு வாசிக்க முடியாது. என் மனசாட்சி விடாது. பேரைச் சொல்லாம, ‘ஒரு சகோதரர் சுகமானதுக்காக’ன்னு வாசிக்கட்டுமா?”

“பேரு சொல்லித்தான ஐயா எல்லாரும் கேட்டிய. நன்றியும் பேரு சொல்லித்தான சொல்லணும்.”

பாஸ்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “கீபோர்டும் இனிமே வேண்டாம்ப்பா. அது முன்னால உக்கார்ற இடம்” என்றார்.

இதை ஜெபகுமார் எதிர்பார்க்கவில்லை. விரல்கள் பத்தும் ஒரு நிமிஷம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றன. வாசல் வரை வந்தவன் திரும்பிக் கேட்டான்.

“நாளைக்கு அவிய வந்து பின்னால உக்காரலாமா?”

பாஸ்டர் யோசித்தார். “வாசலுக்கு நான் காவக்காரன் இல்ல. மைக்குக்கு மட்டுந்தான் நான் பொறுப்பு.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக ஜெபகுமார் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை கலைமணி வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்தான். ஹார்டுவேர் கடைப் படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இருவரும் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் முத்துச்செல்வி பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். யார் உட்கார வந்தாலும், “கலைமணி வருவா” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஜெபகுமாரைத் திரும்பிப் பார்த்துக் கையால் கேட்டாள், எங்கே என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கீபோர்டு உறைக்குள்ளேயே இருந்தது. கைத்தாளத்தோடு பாடினார்கள். சுருதி அங்கங்கே இறங்கியது. அவன் விரல்கள் தொடையின்மேல் தானாக வாசித்தன. கலைமணி அதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன் முழங்காலை அவன் முழங்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டான். அந்தோணிராஜ் சீட்டுகளை வாசித்தார். வேலை கிடைத்ததற்கு ஒரு நன்றி, குழந்தை நடந்ததற்கு ஒரு நன்றி, பைக் கிடைத்ததற்கு ஒரு நன்றி. இவர்கள் சீட்டு ஜெபகுமார் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் வெளியே மொட்டைமாடிக் கொட்டகையில் எல்லாருக்கும் டீயும் பன்னும். முத்துச்செல்வி மட்டும் கையில் வெறும் பன்னோடு ஒரு ஓரமாக நின்றாள். ஜெபகுமார் கலைமணியை அவளிடம் கூட்டிப்போனான். முன்பே சொல்லிப்பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோய், பழைய சொல்தான் வந்தது.

“அக்கா, இதுதான் எங்க வீட்ல. கலைமணி.”

முத்துச்செல்வி சிரித்தாள், விளையாடுகிறான் என்று. பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு மீசையைப் பார்த்தாள். பக்கத்தில் பேச்சு அடங்கியது. அந்தோணிராஜ் கையில் டம்ளரோடு நின்றார்.

“இவிய கம்பெனி பஸ் டிரைவர்லா?”

“ஆமாங்க” என்றான் கலைமணி. “கூட்டுரோட்டுல உங்க மெஸ் முன்னாடிதான் வண்டி திருப்புவேன். நீங்க கூட ஒருதபா, தண்ணி தெளிச்ச எடத்துல டயர் ஏத்திட்டேன்னு கண்டபடி வஞ்சீங்க.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “அப்பம் நான் இருபத்தோரு நாளா யாரு கர்ப்பப்பைக்குல ஜெபம் பண்ணேன்?”

யாரும் சிரிக்கவில்லை. “எனுக்குத்தாங்க” என்றான் கலைமணி மெதுவாக. “குடல்வாலுதான். ஆனா வயிறு என்னுதுதாங்க.”

“ஒம்பது வருசம்.” அவள் ஜெபகுமார் பக்கம் திரும்பினாள். “ஒம்பது வருசமா என் கையால திங்குத. எங்கிட்ட சொல்லணும்னு தோணலயால உனக்கு?”

“தினமும் தோணிச்சிக்கா. நீங்க தட்ட எடுத்துட்டா என்ன செய்யதுன்னு பயம்.”

முத்துச்செல்வி விடுவிடென்று ஹாலுக்குள் போய்விட்டாள். ஒரு குடும்பம் டம்ளரை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படியிறங்கியது. இன்னொருவர் கலைமணியைச் சுற்றிக்கொண்டு போனார், அவன் நிழல்கூடப் படாமல். பாஸ்டர் ஜோயல் கதவருகில் வந்து நின்றார். கலைமணி மெல்ல, “வா ஜெபா, போலாம். தேங்க்ஸ் சொல்லிட்டோம் இல்ல” என்றான். ஆனால் அவர்கள் இன்னும் சொல்லவில்லை. ஜெபகுமாருக்குத் தெரியும்.

முத்துச்செல்வி திரும்பி வந்தாள். கையில் அந்த நாற்காலி. கைக்குட்டை இன்னும் அதன்மேல்தான் இருந்தது. கலைமணி முன்னால் அதை டொக்கென்று போட்டாள்.

“வயித்துல தையல வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பிய. உக்காருங்க.”

கலைமணி உட்கார்ந்தான். அவள் நின்றபடியே, பாஸ்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“எனக்கு இது வெளங்கல. சரின்னும் நான் சொல்லல. நாளைக்கும் வெளங்குமோ என்னமோ. ஆனா நான் கேட்டது கலைமணின்னு ஒரு உயிர. ஆண்டவரு குடுத்துட்டாரு. இது ஆம்பள உயிரு, எனக்கு வேண்டாம்னு திருப்பியா அனுப்ப முடியும்?”

பாஸ்டர் தலையைக் குனிந்தார். அது சம்மதமா, வருத்தமா என்று யாருக்கும் தெரியாது. அவர் மைக்கைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தார். கொட்டகையில் மைக் இல்லை. ஜெபகுமார் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, நின்ற இடத்திலேயே வாசித்தான். “கலைமணி சுகமானதற்காக ஜெபகுமாரும் கலைமணியும் குடும்பமாக நன்றி.” ஆமென் என்று சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும். சொல்லாதவர்களிலும் பாதிப் பேர் அங்கேயேதான் நின்றார்கள்.

அந்தோணிராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து சங்கிலி ஜெப நோட்டை எடுத்தார்.

“இது இன்னும் க்ளோஸ் ஆகல. கடைசி ஹேண்ட் ஓவர் பாக்கி” என்றார். தலைப்பைப் பார்த்தார். கம்பெனி ரிஜிஸ்டரில் அடித்துத் திருத்தக் கூடாது, வெள்ளை மையும் பூசக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ‘சகோதரி’ மேல் நேராக ஒரு கோடு போட்டார். பழைய சொல்லும் தெரிந்தது. பக்கத்தில் ‘சகோதரன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை ஜெபகுமாரிடம் நீட்டினார்.

“நீதான குவாலிட்டி. நீயும் போடு.”

ஜெபகுமார் போட்டான். எழுத்து கலங்கலாகத் தெரிந்ததால் கோடு கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

“யாராவது எனக்கு ஒரு டீ கொண்டாங்களேன்” என்றாள் முத்துச்செல்வி. “நாப்பத்தஞ்சு நாளாச்சு.” கலைமணி எழப்போனான். அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். ஜெபகுமார்தான் ஓடிப்போய் வாங்கிவந்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, “இதெல்லாம் ஒரு டீயா” என்று சொல்லிவிட்டு முழுசையும் குடித்தாள்.

கீபோர்டு ஜெபகுமாருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது வேறொருவர் வாசிக்கிறார், அவருக்குக் கருப்புக் கட்டை வராது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போது அவனுக்கு வலிக்கத்தான் செய்கிறது. சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்ட குடும்பமும் திரும்பவில்லை. மஞ்சுளா மட்டும் அமாவாசைக்கு அமாவாசை பொங்கல் கொண்டுவருகிறாள். எதற்கும் இல்லை, சும்மாதான் என்கிறாள்.

அந்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை காலை ஜெபகுமார் மெஸ்ஸுக்குத் தயங்கித் தயங்கித்தான் போனான். கல்லில் தோசை இருந்தது. முத்துச்செல்வி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் முன்னால் தட்டைப் போட்டு, சட்னியை ஊற்றி, ஒன்பது வருஷமாகக் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

“வீட்ல எப்பிடி இருக்காவ?”

“நல்லா இருக்காவக்கா. அடுத்த வாரத்துலேந்து வண்டி எடுக்காவ.”

“நான் தண்ணி தெளிச்ச எடத்துல டயர ஏத்தாம திருப்பச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, அவள் தனக்கு ஒரு டீ ஆற்றிக்கொண்டாள்.